நல்லசிவத்தின் சனிக்கிழமைகள்

நல்லசிவத்துக்குப் பேச்சே வராது என்றுதான் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். வரும். ஆனால் சொல்லின் முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். எதிரே நிற்பவர் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்ப்பார், அல்லது தானே ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். அது தப்பான வார்த்தையாக இருந்தாலும் நல்லசிவம் தலையாட்டிவிடுவார். அப்படித் தலையாட்டியே வேண்டாத காய்கறியை வாங்கி வந்திருக்கிறார், ஏறக்கூடாத பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

மத்தியப் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு அவர் வந்ததே அதனால்தான். கட்டடப் படம் வரைகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. படம் சரியாக இருந்தால் போதும். அவருடைய படங்கள் எப்போதும் சரியாக இருந்தன.

வீட்டுக்கும் வெளிக்கும் வேண்டிய பேச்சையெல்லாம் அவர் மனைவி காந்திமதி பேசினாள். பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரே வருஷத்தில் அவளுக்கு இந்தி வந்துவிட்டது. இலக்கணம் கிடையாது, சத்தம் உண்டு. பால் பூத், ரேஷன் கடை, டாக்டர், மகள் பூங்கோதையின் பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அவள் முன்னால் நிற்பாள், இவர் பின்னால் பையோடு நிற்பார். யாராவது இவரைப் பார்த்து ஏதாவது கேட்டால், "அவுகளுக்குத் தொண்டை சரியில்லை, நான் சொல்லுதேன்" என்று அவள் முந்திக்கொள்வாள். பதினைந்து வருஷம் அவருக்குத் தொண்டை சரியில்லாமல் இருந்தது.

1993 ஆகஸ்டில், ஒரு பிற்பகல், இருவரும் கரோல் பாக் போய் மகளுக்குச் சீருடைத் துணி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த நாட்களில் டெல்லியில் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். பின்னால் வருகிற பஸ் முந்திப் போய் அடுத்த நிறுத்தத்து ஆட்களை அள்ளிக்கொள்ளுமே என்ற அவசரம். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பஸ் நின்றது. நல்லசிவம் முதலில் இறங்கி, துணிப் பையை வாங்கிக்கொள்வதற்காகத் திரும்பினார். காந்திமதி ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள், இன்னொரு கால் படியில் இருந்தது. கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் பாய்ந்தது.

சக்கரத்தில் சிக்கியவளை நல்லசிவம் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து என்ன நடந்தது என்று இந்தியில் கேட்டார். நல்லசிவம் வாயைத் திறந்தார். "ப... ப... ப..." பஸ் என்ற சொல்லே வரவில்லை. முகம் கோணிற்று. போலீஸ்காரர் மூக்கைச் சுருக்கி அருகில் வந்து மோந்து பார்த்தார்.

"பீ ரக்கீ ஹை க்யா?" குடித்திருக்கிறாயா என்று கேட்டார்.

பஸ் முதலாளியின் ஆள் ஒருவன் அங்கே வந்து சேர்ந்திருந்தான். அவன் தடையில்லாமல் பேசினான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து அந்த அம்மா குதித்துவிட்டாள், டிரைவர் என்ன செய்வான் என்றான். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒரு முறை உரக்கப் படித்தார். 'ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்க முயன்று.' நல்லசிவம் இல்லை என்று வேகமாகத் தலையசைத்தார். "இ... இ... இ..." என்றார். போலீஸ்காரர் கொஞ்சம் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அட்டையில் செருகியிருந்த தாள்களை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊர்க்காரர்கள் ரயிலேறிய பிறகு வீட்டில் அப்பாவும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். பூங்கோதைக்கு அப்போது பதினொரு வயது. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஒரு நாள் வகுப்பு டீச்சர் அப்பாவை வரச் சொல்லியிருந்தார். நல்லசிவம் போனார். டீச்சர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் பூங்கோதையிடமிருந்தே வந்தது. வீட்டில் யார் சமைக்கிறார்கள், சாயங்காலம் யார் இருக்கிறார்கள், பாடம் யார் சொல்லித் தருகிறார்கள். அவர் பக்கத்தில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட்டையும் அவளே கேட்டு வாங்கினாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"அப்பா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. இனிமே எல்லார்கிட்டயும் நானே பேசிடறேன். அம்மா மாதிரி."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். நல்லசிவம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தார். இரட்டைப் பின்னல், ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும், அவளே போட்டுக்கொண்டது. இவளையும் தன் வாயாக்கிக்கொண்டு தான் பின்னால் பையோடு நிற்கப்போகிறோம் என்று தோன்றியது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. கேஸ் என்று ஒன்று நடக்கும், என்றைக்காவது கோர்ட்டில் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் 'இ... இ...' என்று நின்றால் காந்திமதி ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தவளாகவே போய்விடுவாள்.

அந்த வாரமே அவர் ஒரு தீர்மானம் செய்துகொண்டார். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும், எந்த இடத்தில் பேச பயமோ அந்த இடத்துக்குப் போய்ப் பேசுவது. ஒரே ஒரு வேலை. முடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் அதே வேலை. யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வேலை, பஸ்ஸில் டிக்கெட் கேட்பது. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அதுவரை அவர் சரியான சில்லறையை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பவர். அன்று பத்து ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு, "ச... ச..." என்று தொடங்கினார். சரோஜினி நகர் என்று வர வேண்டும். கண்டக்டர் தாளைப் பிடுங்கிக்கொண்டு எதையோ கிழித்துக் கொடுத்து நகர்ந்துவிட்டான். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் தாளைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் இழுத்தும் விடவில்லை. "ச... ச... ச... சரோஜினி நகர்" என்று முழுதும் சொல்லிவிட்டுத்தான் விட்டார். கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்தான். கீழே இறங்கி நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்க்கெட்டில் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

அடுத்தது டெலிபோன். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். எதிரே முகம் இல்லாத இடத்தில் தன் மௌனத்தை மற்றவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? செக்டர் மார்க்கெட்டில் இருந்த எஸ்.டி.டி பூத்துக்குள் போய், பாளையங்கோட்டையில் காந்திமதியின் தம்பி ராஜாராமனுக்குப் போன் போட்டார். "ஹலோ, ஹலோ" என்றான் அவன். இவருக்குக் குரல் எழும்பவில்லை. லைன் சரியில்லை என்று அவன் வைத்துவிட்டான். மறுபடி போட்டார். மறுபடி வைத்தான். மூன்றாவது தடவை கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, "ந... ந... நான்தான்" என்றார்.

"அத்தானா?" என்றான் ராஜாராமன். "அத்தான், நீங்களா பேசுதீக?"

அக்காள் செத்த சேதியைக்கூட அவனுக்கு மாடி வீட்டு வசுமதிதான் போனில் சொல்லியிருந்தாள். அவன் அழத் தொடங்கினான். நல்லசிவமும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே வரிசையில் நின்ற ஒரு சர்தார்ஜி கதவைத் தட்டப்போனவர் கையை இறக்கிக்கொண்டார்.

இப்படிப் பல மாதம் நடந்தது. மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைத் தாளில் காட்டாமல் வாயால் கேட்டார். பூங்கோதையின் டீச்சரிடம் தனியாகப் போய்ப் பேசினார். திக்கல் குறைந்ததா என்றால், இல்லை. அவருக்குப் புரிந்தது வேறொன்று. இத்தனை வருஷம் திக்கலைவிட அதை மறைப்பதற்குத்தான் அதிகம் பாடுபட்டிருக்கிறார். வராத சொல்லுக்குப் பதில் வருகிற சொல்லைத் தேடுவது, மறந்துபோனது மாதிரி நடிப்பது, இருமுவது. அதையெல்லாம் விட்டுவிட்டு, திக்குகிற சொல்லையே திக்கிச் சொன்னால் மூச்சு கொஞ்சம் மிஞ்சியது.

ஆனால் மறு வருஷம் கோடையில் எல்லாம் நின்றுபோயிற்று. ரேஷன் கடையில் சர்க்கரை நிறுவை குறைந்திருந்தது. அதைச் சொல்லப் போனார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் இவர் திக்குவதை அப்படியே திக்கிக் காட்டினான். வரிசை சிரித்தது. கடைக்காரனும் சிரித்தான். நல்லசிவம் பாதியில் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை அதே வேலை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. வெயில் என்று சொல்லிக்கொண்டார். கூலர் பழுது என்று சொல்லிக்கொண்டார். சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். ரேஷன் வாங்கப் பூங்கோதை போனாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஒரு நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். ஒரு காலைத்தான் வைத்திருந்தாள். கண்டக்டர் தகரத்தைத் தட்டினான்.

நல்லசிவம் எழுந்துவிட்டார். நிறுத்து என்று கத்த வேண்டும். "ரோ... ரோ... ரோ..." பஸ் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் எப்படியோ குதித்து, தடுமாறி, நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்துத் திட்டினாள். அவள் பின்னால் சிறிதாகிப் போன பிறகுதான் "ரோக்கோ!" என்ற சொல் வெளியே வந்தது. பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இப்ப எதுக்கு நிறுத்தணும்?" என்று கண்டக்டர் இந்தியில் கேட்டுச் சிரித்தான்.

உட்கார்ந்துவிடலாம். அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தியில், ஒவ்வொரு சொல்லாகத் திக்கிச் சொன்னார்.

"என்... என் ம... மனைவி. இப்படித்தான். இ... இறங்கும்போது. த... தட்டினான். செ... செத்துப்போனாள்."

சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. காந்திமதி எப்படிச் செத்தாள் என்று அவர் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. கண்டக்டருக்கு இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிழவர் இறங்கினார். அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தடியை எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகுதான் தகரத்தைத் தட்டினான்.

அந்த வாரச் சனிக்கிழமை நல்லசிவம் ரேஷன் கடைக்குப் போனார்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வருவதற்கு மேலும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. சாட்சி சொல்ல வேண்டிய நாளன்று வசுமதியும் பூங்கோதையும் கூட வந்தார்கள். உள்ளே வர வேண்டாம் என்று நல்லசிவம் சொல்லிவிட்டதால் இருவரும் பாட்டியாலா ஹவுஸ் கோர்ட் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். அரசு வக்கீல் நடுத்தர வயதுப் பெண்மணி. கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே இவரிடம் நாலு வார்த்தை பேசினார். இவர் பதில் சொல்லும் அழகைப் பார்த்ததும் கவலைப்பட்டு, நேரே நீதிபதியிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கருணையாகத்தான் பேசினார்.

"உங்களுக்குச் சிரமமாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். பேச முடியாதவர்களுக்குச் சட்டத்தில் அந்த வழி இருக்கிறது. தாளும் பேனாவும் தரச் சொல்கிறேன்."

நல்லசிவத்துக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் இளகியது. எழுத்து அவருக்கு அச்சு மாதிரி வரும். பஸ், நிறுத்தம், படி, சக்கரம் எல்லாவற்றையும் அளவோடு படமே போட்டுக் காட்டிவிடலாம். பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போகலாம். டிரைவர் கூண்டில் நின்றிருந்தான். அவனுடைய வக்கீல் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் நல்லசிவம். "நான் பே... பே... பேச முடியாதவன் இல்லை. பேச நே... நேரம் ஆகும்."

நீதிபதி அவரைப் பார்த்தார். வெளியே காத்திருக்கும் கேஸ்களின் கட்டுகளைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆகட்டும்," என்றார்.

நல்லசிவம் சொல்லத் தொடங்கினார். பஸ் என்ற சொல்லில் நின்றார். தட்டச்சு செய்கிறவர் விரல்களைச் சாவிகள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. சொல் வந்தது. அடுத்த சொல் வந்தது. பஸ் நின்றது. நான் இறங்கினேன். அவள் ஒரு காலைத் தரையில் வைத்தாள். கண்டக்டர் தட்டினான். அவள் குதிக்கவில்லை. இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது. அவருக்கு அது முற்பகல் முழுவதும் பிடித்தது. நடுவே ஒரு முறை கண் மூடிக்கொண்டபோது யாரோ அவர் பக்கமாகத் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"இதையெல்லாம் அன்றைக்குப் போலீஸிடம் நீங்கள் சொல்லவில்லையே. இப்போதுதானே சொல்கிறீர்கள்? யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?"

"சொ... சொல்லவில்லை."

"ஏன்?"

நல்லசிவம் அந்த வக்கீலின் முகத்தை நேராகப் பார்த்தார். திக்கும்போது அவர் எதிராளியின் முகத்தைப் பார்த்தது அதுவரை கிடையாது.

"அ... அன்றைக்கு யாரும் கா... காத்திருக்கவில்லை."

வக்கீல் மேலும் ஏதேதோ கேட்டார். நல்லசிவம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் வசுமதிக்கும் மகளுக்கும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார். "முடிஞ்சுதாப்பா?" என்று பூங்கோதை கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினார்.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. டிரைவருக்கு ஓராண்டு சிறை. அன்றே அப்பீல் என்று ஜாமீனில் போய்விட்டான். ஆனால் தீர்ப்பில், பஸ் நின்றிருந்தது என்றும், இறந்துபோன பெண் முறையாக இறங்கிக்கொண்டிருந்தாள் என்றும் இருந்தது. அரசு வக்கீல் அந்த வரிகளை அவருக்குப் படித்துக் காட்டினார். டிரைவரின் மனைவி தாழ்வாரத்துச் சுவரோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நல்லசிவம் ஜெயித்தவரைப் போல உணரவில்லை. அவளைக் கடந்து போகும்போது தலை தானாகக் குனிந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை அவர் வீட்டிலேயே இருந்தார். பூங்கோதை துணி காயப்போட்டுவிட்டு பால்கனியிலிருந்து வந்தாள். பதினாலு வயது. அவருடைய சனிக்கிழமைகளைப் பற்றி அவர் சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னைக்கு எங்கயும் போகலையா?"

"போ... போகலை. கேஸுதான் முடிஞ்சு போச்சுல்லா."

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"அச்சா. அப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதா?"

நல்லசிவம் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். மூன்று வருஷமாக இந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. போலீஸ் கேட்கவில்லை, கோர்ட் கேட்கவில்லை, அவர் பயந்து பயந்து போய் நின்ற எந்த இடத்திலும் இதை யாரும் கேட்கவில்லை. இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அந்தச் சொல் திக்காமல்கூட வந்துவிடும் போலிருந்தது.

"உக்காரு," என்றார்.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வ... வலிச்சுது," என்றார். "ஆட்டோவில என் ம... மடியில கெடந்தா. மு... முதல்ல ரொம்ப வலிச்சுது. சத்தம் போட்டா. அப்புறம் ச... சத்தம் இல்ல. என் கை... கையைப் பிடிச்சுக்கிட்டா. நகம் பதியப் பிடிச்சா."

பூங்கோதையின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"ஏதாவது சொன்னாங்களா?"

"உ... உன்னை ஸ்கூல்லேர்ந்து யாரு கூ... கூட்டிட்டு வருவான்னு கேட்டா. ரெ... ரெண்டு தடவை கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நல்லசிவம் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"சொ... சொல்லலை. நா... நான்னு சொல்ல வந்தேன். வரலை. அதுக்குள்ள கை விட்டுப்போச்சு."

பூங்கோதை எழுந்து வந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சின்னக் குழந்தை மாதிரி, வாய்விட்டு. காந்திமதி போன நாளிலிருந்து அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. நல்லசிவம் அவள் தலைமேல் கையை வைத்தார். அவள் இன்னும் என்னென்னவோ கேட்டாள். அந்த நிறுத்தம் எது, எந்தப் பக்கம், அம்மா அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.